அப்பா அந்தப் பதினெட்டாயிரத்தைக் கட்ட வேண்டாம்

கேள்வி: திருப்பூரில் இருக்கிறோம். அப்பாவுக்கு 64 வயது, பல வருடமாகச் சர்க்கரை. நாலரை வருடமாக அவர் பெயரில் ஹெல்த் இன்சூரன்ஸ் கட்டி வருகிறோம். ஒரு தடவைகூட கிளெய்ம் செய்ததில்லை. போன வாரம் ஒருவர் ஹைதராபாத்தில் இருக்கும் காப்பீட்டு ஆணையத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார். பாலிசி எண், அப்பாவின் பிறந்த தேதி, கடைசியாகக் கட்டிய பிரீமியம் எல்லாம் சரியாக ஒப்பித்தார். கிளெய்ம் செய்யாததால் 1,86,000 ரூபாய் போனஸ் சேர்ந்திருக்கிறதாம். 18,400 ரூபாய் ஜிஎஸ்டி கட்டினால் கணக்கில் போட்டுவிடுவார்களாம். அப்பா நம்பிவிட்டார். இது உண்மையா? இந்த இன்சூரன்ஸ் விஷயத்தில் ஏமாறாமல் இருக்க வேறு என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்:

கட்ட வேண்டாம். ஒரு ரூபாய்கூட வேண்டாம். ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால், மேற்கொண்டு படிப்பதை நிறுத்திவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடியுங்கள், கையோடு வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். தாவி முடிப்பதற்குள் முடக்கினால்தான் உண்டு.

நான் பதினேழு வருடம் மருத்துவக் காப்பீட்டு கிளெய்ம் பார்க்கும் வேலையில் இருந்தவன். முதலில் ஒரு டிபிஏவில், அப்புறம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில். (டிபிஏ என்பது மருத்துவமனைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் நடுவில் உட்கார்ந்து காகிதம் பார்க்கிற நிறுவனம்.) உங்களுக்கு வந்த போன் எனக்குப் பழைய பாட்டு. தொகை மட்டும்தான் ஆளுக்கு ஆள் மாறும். அதில் மூன்று பொய் இருக்கிறது, மூன்றையும் அப்பாவிடம் தனித்தனியாகச் சொல்லுங்கள். வெறுமனே "அது ஃபிராடு" என்றால் பெரியவர்கள் ஏற்றுக்கொள்வதில்லை. ஏன் என்று கணக்குக் காட்டினால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

முதல் பொய், ஆணையம். ஐஆர்டிஏஐ எனப்படும் அந்த ஆணையத்தின் தலைமையகம் ஹைதராபாத்தில் இருப்பது உண்மைதான். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னதே நம்ப வைப்பதற்குத்தான். ஆனால் ஆணையம் பாலிசி விற்பதில்லை, போனஸ் அறிவிப்பதில்லை, யாருக்கும் போன் போட்டுப் பணம் கேட்பதில்லை. அப்படிப் பேசினால் போலீஸில் புகார் கொடுங்கள் என்று அவர்களே பல வருடமாக விளம்பரம் செய்து வருகிறார்கள்.

இரண்டாவது, போனஸ். ஆயுள் காப்பீட்டில் போனஸ் என்றால் பணம். மருத்துவக் காப்பீட்டில் அப்படி இல்லை. கிளெய்ம் செய்யாமல் இருந்தால், ஒன்று உங்கள் காப்பீட்டுத் தொகை ஏறும், ஐந்து லட்சம் ஐந்தரை லட்சம் ஆவது மாதிரி. இல்லையென்றால் அடுத்த வருடப் பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்கும். ரொக்கமாக யார் கணக்குக்கும் வராது. உங்கள் வீட்டில் எல்.ஐ.சி. பாலிசி முதிர்ந்து போனஸோடு பணம் வந்த அனுபவம் இருந்திருக்கும். அந்த ஞாபகத்தைத்தான் இவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதற்கு முன் 18 சதவீதம் இருந்த காலத்திலும் அது பிரீமியத்தோடு சேர்ந்தே போனது. நமக்கு வர வேண்டிய பணத்தை வாங்க நாம் முதலில் பணம் கட்ட வேண்டும் என்கிற ஏற்பாடு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஃபைல் சார்ஜ், என்ஓசி கட்டணம், ஏஜென்ட் கோடு நீக்கும் கட்டணம் என்று அடுத்தடுத்துப் பெயர் மாற்றிக் கேட்பார்கள். எல்லாம் அதே சரக்கு.

அப்படியென்றால் பாலிசி எண்ணும் பிறந்த தேதியும் அவருக்கு எப்படித் தெரிந்தது? உங்களை உறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன். 2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள், மருத்துவ அறிக்கைகள் உட்பட, டெலிகிராமில் பாட் வழியாக யாருக்கும் கிடைக்கும்படி கிடந்த செய்தி வெளியானது. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அது பெரிய கசிவு. சின்னக் கசிவுகளுக்குக் கணக்கே இல்லை: வேலையை விட்டுப் போன டெலிகாலர், ஜெராக்ஸ் கடையில் விட்டு வந்த நகல், மருத்துவமனை ரிசப்ஷனில் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்ன ஆதார். ஆகவே உங்கள் விவரம் ஒருவருக்குத் தெரிந்திருப்பதால் அவர் நிறுவனத்து ஆள் ஆகிவிட மாட்டார். உங்கள் விவரம் சந்தையில் இருக்கிறது என்று மட்டும்தான் அதற்குப் பொருள்.

இனிமேல் இப்படிப் பேசினால் வாதம் செய்ய வேண்டாம். "சரி, நானே கூப்பிடுகிறேன்" என்று வைத்துவிட்டு, பாலிசி ஆவணத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அடியுங்கள். இணையத்தில் கஸ்டமர் கேர் எண் தேடாதீர்கள். அங்கே முதலில் வந்து நிற்கும் எண் பல சமயம் மோசடிக்காரர் போட்டதாகவே இருக்கும். வங்கி, காப்பீடு மாதிரியான நிதி நிறுவனங்கள் வாடிக்கையாளரை அழைக்க 1600 என்று தொடங்கும் எண் வரிசை ஒதுக்கியிருக்கிறார்கள். சாதாரண மொபைல் எண்ணிலிருந்து ஒருவர் தன்னை நிறுவனம் என்று சொன்னாலே உஷாராகிவிடலாம். கிளெய்ம் ஸ்டேட்டஸ் பார்க்க என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (போனில் செயலியை நிறுவும் ஃபைல்) வந்தால் தொடவே தொடாதீர்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடத் தேவையில்லை என்பதை மட்டும் அப்பாவுக்கு இரண்டு தடவை சொல்லிவிடுங்கள்.

போன் விஷயம் இவ்வளவுதான். இப்போது நான் உண்மையில் பேச நினைப்பதற்கு வருகிறேன். பதினேழு வருடத்தில் போனில் ஏமாந்து பணம் விட்டவர்களையும் பார்த்தேன். ஆனால் அதைவிடப் பல மடங்கு பேர் ஏமாந்தது சொந்தக் கையெழுத்தில். யாரோ நிரப்பிய படிவத்தில், யாரோ எழுதிய பில்லில், படிக்காமல் போட்ட கையெழுத்து. போன்காரர் கொண்டுபோவது பதினெட்டாயிரம். இது கொண்டுபோவது ஐந்து லட்சம், பத்து லட்சம்; அதுவும் ஐசியு வாசலில் நிற்கிற நேரத்தில்.

பாலிசி எடுக்கும்போது ப்ரபோசல் படிவம் என்று ஒன்று நிரப்பினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. ஏஜென்ட் வீட்டுக்கு வந்திருப்பார், காபி குடித்திருப்பார், "நான் ஃபில் பண்ணிக்கிறேன், நீங்க இங்க மட்டும் சைன் போடுங்க" என்றிருப்பார். இப்போதெல்லாம் அதுவும் இல்லை, ஓடிபி சொன்னால் முடிந்தது. அந்தப் படிவத்தில் சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, அறுவை சிகிச்சை நடந்ததா என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். "ஆமாம்" என்று போட்டால் பிரீமியம் கூடும், மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள், சில சமயம் பாலிசியே கிடைக்காது. ஏஜென்டுக்கு அந்த மாத டார்கெட் முடியாது. அதனால் எல்லாக் கட்டத்திலும் "இல்லை". இதை நான் மோசடி என்றுதான் சொல்வேன். ஆனால் கிளெய்ம் மேசையில் அதற்குப் பெயர், பாலிசிதாரர் உண்மையை மறைத்தார்.

ஒரு ஜவுளி வியாபாரியின் ஃபைல் என் கைக்கு வந்தது. பைபாஸ் ஆபரேஷன், நாலு லட்சத்துக்கு மேல் பில். அவர் மகன் நேரில் வந்து, "அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது ஏஜென்டுக்குத் தெரியும் சார், எங்க வீட்டிலேயே சர்க்கரை போடாத காபிதான் ஏஜென்டுக்கும் கொடுப்போம்" என்றார். நூற்றுக்கு நூறு உண்மையாகத்தான் இருந்திருக்கும். படிவத்தில் "இல்லை" என்று இருந்தது, கீழே கையெழுத்து இருந்தது. மறுப்புக் கடிதத்தை நான்தான் தயாரித்தேன். ஏஜென்ட் சொன்னார், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2019இல் ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில் சொல்லியிருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2021 டிசம்பரில் மன்மோகன் நந்தா என்பவர் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் காப்பீட்டு நிறுவனத்தைத்தான் கண்டித்தது. அமெரிக்கா போவதற்காகப் பாலிசி எடுத்தவர். அங்கே விமான நிலையத்தில் இறங்கியதும் மாரடைப்பு. சர்க்கரை இருப்பதை அவர் முன்பே சொல்லியிருந்தார். உடல்நிலை தெரிந்தே பாலிசி கொடுத்துவிட்டு, பிறகு அதையே காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்றது தீர்ப்பு. வியாதியைச் சொன்னவரை அந்தச் சொல் காப்பாற்றியது. பிரீமியம் கூடுமே என்று பயப்படுகிறவர்களுக்கு நான் எப்போதும் இந்த வழக்கைத்தான் சொல்வேன்.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருவோம். நாலரை வருடம் என்கிறீர்கள். 2024 ஏப்ரலில் விதிகள் மாறின. ஏற்கெனவே இருக்கும் வியாதிக்கான காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி எடுத்த பிறகு அந்த வியாதிக்குப் பணம் கிடைக்காத காலம், அதிகபட்சம் 36 மாதம் ஆனது (முன்பு 48). இரண்டில் எதை எடுத்தாலும் அப்பா தாண்டிவிட்டார். சர்க்கரையைச் சொல்லி எடுத்திருந்தால் இன்றைக்கு அது சம்பந்தமான சிகிச்சைக்குக் காத்திருப்பைக் காரணம் காட்ட முடியாது. இன்னொரு விதி, 60 மாதம் இடைவிடாமல் பாலிசி ஓடிவிட்டால், நீ அதைச் சொல்லவில்லை இதைச் சொல்லவில்லை என்று கிளெய்மை மறுக்க முடியாது. முன்பு இது எட்டு வருடமாக இருந்தது. ஆனால் நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு 60 மாதம் கடந்தாலும் விலக்கு இல்லை. உங்களுக்கு அந்த 60 மாதம் முடிய இன்னும் ஆறு மாதம் பாக்கி.

"ஆறு மாசம் பேசாம இருங்க, அப்புறம் யாரும் கேட்க முடியாது" என்று ஏஜென்ட் சொல்லக்கூடும். சொல்வார். அந்த ஆறு மாதத்தில் அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் எழுதிக் கொடுப்பாரா? அதோடு, தெரிந்தே மறைத்தது வேறு, தெரியாமல் விடுபட்டது வேறு. ப்ரபோசலில் "இல்லை" என்று இருப்பது தெரிந்த பிறகும் சும்மா இருந்தால் அது முதல் வகைக்குப் போய்விடும். படிவத்தைப் பாருங்கள். பாலிசி ஆவணத்தோடு அதன் நகலும் வந்திருக்கும். இல்லையென்றால் நிறுவனத்துக்கு மெயில் போட்டுக் கேட்டு வாங்குங்கள். தப்பாக இருந்தால், ஏஜென்ட் நிரப்பியது, இப்போதுதான் கவனித்தோம், அப்பாவுக்கு இத்தனை வருடமாகச் சர்க்கரை என்று எழுத்தில் தெரிவியுங்கள். கூடுதல் பிரீமியம் கேட்கலாம், காத்திருப்புக் காலம் போடலாம், பாலிசியைத் தொடர மறுக்கவும் கூடும். கசப்பான மாத்திரைதான். ஆனால் அதை நல்ல உடம்போடு இருக்கும்போது விழுங்குவது, ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே விழுங்குவதைவிட மேல்.

வீட்டில் வேறு யாருக்காவது புதிதாக எடுப்பதாக இருந்தால் பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம் உண்டு. பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளலாம். இந்த அவகாசமும் முன்பு 15 நாளாக இருந்தது. பாலிசியோடு ஒரு தகவல் தாள் தர வேண்டும் என்பதும் விதி. எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது, அறை வாடகை வரம்பு எவ்வளவு, நம் கையிலிருந்து எத்தனை சதவீதம் என்பதெல்லாம் அதில் சுருக்கமாக இருக்கும். தமிழில் வேண்டும் என்று கேளுங்கள், கேட்டால் தர வேண்டும். நாற்பது பக்கப் பாலிசியை யாரும் படிக்கப் போவதில்லை. அந்தத் தாளையாவது படியுங்கள்.

பணம் கட்டுவதில் ஒரே ஒரு விஷயம். பிரீமியம் நிறுவனத்தின் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். ஏஜென்டின் ஜிபே எண்ணுக்கு அனுப்பிவிட்டு ரசீதின் படத்தை வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரீமியம் வந்து சேராமல் நிறுவனம் பொறுப்பேற்காது. 1938ஆம் வருடத்துக் காப்பீட்டுச் சட்டத்திலேயே அது இருக்கிறது. ஒரு பெரியம்மா மூன்று வருடம் தன் உறவுக்காரப் பையனிடம் ரொக்கமாகக் கொடுத்திருந்தார். முதல் வருடம் மட்டும் பாலிசி இருந்தது. அடுத்த இரண்டும் கம்ப்யூட்டரில் தேதி மாற்றிப் பிரிண்ட் போட்ட காகிதம். கூர்ந்து பார்த்தால் எழுத்துரு மாறியிருந்தது தெரிந்தது, ஆனால் வீட்டில் யார் எழுத்துரு பார்க்கிறார்கள்? புதுப்பித்த மறுநாளே நிறுவனத்தின் செயலியிலோ இணையதளத்திலோ பாலிசி எண்ணைப் போட்டு, தேதி மாறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அங்கே உங்கள் மொபைல் எண்தான் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல பாலிசிகளில் ஏஜென்டின் எண் இருக்கும். நிறுவனம் அனுப்பும் எச்சரிக்கை எல்லாம் அவருக்கே போகும்.

புதுப் பாலிசிக்கு இப்போது பீமா அஸ்பா என்று ஒரு வசதி வந்திருக்கிறது, 2025 மார்ச்சிலிருந்து. பிரீமியத் தொகை யுபிஐ வழியாக உங்கள் கணக்கிலேயே முடக்கப்பட்டு நிற்கும், நிறுவனம் பாலிசி தர ஒப்புக்கொண்ட பிறகுதான் கழியும். இருந்தால் பயன்படுத்துங்கள். "முதல் வருடக் கமிஷனில் பாதியை உங்களுக்கே திருப்பித் தருகிறேன்" என்கிற ஏஜென்டிடம் மட்டும் கொஞ்சம் தள்ளியே இருங்கள். அதே காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், தன் கூலியையே விட்டுக்கொடுக்கிறவர் அதை வேறு எங்கே எடுப்பார் என்று யோசித்தால் போதும்.

சரி, மருத்துவமனை. இங்கே ஏமாற்றப்படுவது நிறுவனம்தானே, நமக்கென்ன என்று பலர் நினைக்கிறார்கள். உங்களுக்கு முதுகுவலி, எம்ஆர்ஐ எடுக்க வேண்டும், எட்டாயிரம் ஆகும். இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருப்பவர், "பாலிசி இருக்கில்ல? ஒரு நாள் அட்மிட் ஆயிடுங்க, கேஷ்லெஸ்ல போட்டுடலாம்" என்பார். (கேஷ்லெஸ் என்றால் பில்லை நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகக் கட்டிவிடும்.) கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பரிசோதனைக்காக மட்டும் படுத்தால் பணம் கிடையாது என்பது எல்லா நிறுவனப் பாலிசியிலும் ஒரே வாசகமாக இருக்கும் விலக்கு. அதைத் தாண்ட ஒரு வியாதி வேண்டுமே? அதனால் கேஸ் ஷீட்டில் தாங்க முடியாத வலி, கால் மரத்துப்போதல், ஊசி மருந்து என்று எழுதுவார்கள். பில் நாற்பதாயிரம் ஆகும். நிறுவனம் கொடுத்துவிட்டால், உங்கள் ஐந்து லட்சத்தில் நாற்பதாயிரம் போச்சு, கிளெய்ம் இல்லாத போனஸும் போச்சு, உங்களுக்கு இல்லாத ஒரு முதுகெலும்பு நோய் உங்கள் பெயரில் நிரந்தரமாகப் பதிவாகிவிட்டது. நாளைக்கு வேறு நிறுவனத்துக்குப் பாலிசியை மாற்ற நினைத்தால் அதுதான் முதலில் வந்து நிற்கும். நிறுவனம் கண்டுபிடித்துவிட்டாலோ, மோசடி என்று பாலிசியை ரத்து செய்யலாம், கட்டிய பிரீமியமும் திரும்பாது. டெஸ்க்கில் இருந்தவர் அதற்குள் வேறு மருத்துவமனைக்கு வேலை மாறியிருப்பார். கையெழுத்து உங்களுடையது.

கேஸ் ஷீட்டின் முதல் பக்கம் இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. இது மோசடி இல்லை, வெறும் கவனக்குறைவு. ஆனால் மோசடி செய்யாத குடும்பத்தையும் மோசடிக் குடும்பம் ஆக்கிவிடும். ராத்திரி பதினோரு மணிக்கு எமர்ஜென்சியில் டியூட்டி டாக்டர் கேட்பார், சர்க்கரை எவ்வளவு நாளாக? கூட வந்த மருமகன் பதற்றத்தில், "அது ரொம்ப நாளா சார், ஒரு பத்து வருஷம் இருக்கும்" என்பார். உண்மையில் மூன்று வருடம். பத்து என்று எழுதியாகிவிட்டது. பாலிசி எடுத்தது நாலு வருடம் முன்னால். அந்த ஒரு வரியை வைத்து எத்தனை கிளெய்மை நிறுத்தியிருக்கிறோம் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு எந்த வருடம் சர்க்கரை தெரிந்தது, என்ன மாத்திரை என்று ஒரு சீட்டில் எழுதி, பழைய முதல் ரிப்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். யார் கூடப் போனாலும் அந்தச் சீட்டைக் கொடுத்தால் போதும். டிஸ்சார்ஜ் சம்மரியில் வருடக் கணக்கு தப்பாக இருந்தால் வீட்டுக்கு வருவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லித் திருத்தி வாங்குங்கள். கிளெய்ம் மறுத்த பிறகு வாங்கி வரும் திருத்தக் கடிதத்தை எங்கள் மேசையில் யாரும் நம்பியதில்லை.

மற்றபடி, வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இறுதி பில்லில் கையெழுத்துக் கேட்டால் போன் எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டு போடுங்கள். படுத்த நாள், அறை வகை, வந்து பார்த்த டாக்டர்கள், இந்த மூன்றும் சரியா என்று பார்த்தாலே பில்லின் பாதி வீக்கம் தெரிந்துவிடும். ஸ்டென்ட், மூட்டு, லென்ஸ் என்று உடம்புக்குள் எது வைத்தாலும் அதன் அட்டைப்பெட்டியில் சீரியல் எண்ணோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கேஸ் ஷீட்டிலும் கிளெய்மிலும் ஒட்டுவார்கள். அதற்கும் ஒரு படம். வீட்டுக்கு வந்த பிறகு செயலியில் கிளெய்ம் பகுதியைத் திறந்து, என்ன வியாதி என்று போட்டிருக்கிறார்கள், எவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் படுக்காத நாளில் ஒரு கிளெய்ம் இருந்தால், உங்கள் கார்டை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள். அன்றைக்கே நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள்.

"அப்ரூவல் சீக்கிரம் வாங்கித் தர்றேன், ஐயாயிரம் கொடுங்க" என்று டெஸ்க் பக்கத்தில் சுற்றுகிறவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு மேல் இழுத்து, மருத்துவமனை கூடுதல் வாடகை போட்டால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும். இதில் புரோக்கருக்கு வேலையே இல்லை.

அரசுத் திட்டங்களிலும் இதே கதைதான், ஆனால் விலை பணம் மட்டும் இல்லை. 2024 நவம்பரில் குஜராத்தில், மெஹ்சானா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அகமதாபாத் தனியார் மருத்துவமனை இலவச முகாம் நடத்தி, 19 பேரைப் பஸ் ஏற்றிக் கொண்டுபோனது. ஏழு பேருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி. இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஆயுஷ்மான் பாரத் என்ற மத்திய அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கார்டுக்காக நடந்த வேலை என்று விசாரணையில் வந்தது, கைதுகள் நடந்தன. அதற்கு முந்தைய வருடம் அதே திட்டத்தைப் பற்றி வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையில், 7,49,820 பயனாளிகள் 9999999999 என்ற ஒரே மொபைல் எண்ணில் பதிவாகியிருந்தார்கள். உங்கள் ஊரில் முகாம் நடந்து, காப்பீட்டு அட்டையை எடுத்து வா, உடனே ஆபரேஷன் என்றால், ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனையில் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சுவலியே இல்லாதவருக்கு இன்று சாயந்திரமே ஸ்டென்ட் வைத்தாக வேண்டும் என்றால் கேள்வி கேட்பதில் தப்பில்லை. நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டைக்குக் கட்டணம் கிடையாது. கலெக்டர் ஆபீஸ் மையத்தில் ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் காட்டினால் பதிவு செய்வார்கள். அட்டை வாங்கித் தருகிறேன் என்று ஐந்நூறு கேட்பவரையும், அட்டையில் சேர்த்துவிட்டு மேலே பணம் கேட்கும் மருத்துவமனையையும் 1800 425 3993 என்ற எண்ணில் சொல்லலாம்.

மால்களிலும் பெட்ரோல் பங்கிலும் விற்கும் "ஹெல்த் கார்டு" பெரும்பாலும் இன்சூரன்ஸே இல்லை, தள்ளுபடி அட்டை. காப்பீடு என்றால் அதற்கு ஆணையம் கொடுத்த யுஐஎன் என்ற அடையாள எண் இருக்கும். காட்டச் சொல்லுங்கள், முடிந்தது.

கடைசியாக ஒன்று. நிறுவனமே அநியாயமாக மறுத்தால்? கிளெய்ம் மறுப்பை டிபிஏ தானாகச் சொல்ல முடியாது. நிறுவனத்துக்குள் இருக்கும் பரிசீலனைக் குழு ஒப்புக்கொண்டு, எந்த விதிப்படி என்று குறிப்பிட்டு எழுத்தில் தர வேண்டும். போனில் சொன்னதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். பதில் சரியில்லை என்றால் ஆணையத்தின் பீமா பரோசா என்ற புகார் தளம், அல்லது 155255 என்ற எண். அதற்கும் மேலே, சென்னையில் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் (புகாரை விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரி) அலுவலகம் இருக்கிறது. நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் பதில் இல்லை என்றாலோ, மறுப்பு வந்து ஒரு வருடத்துக்குள்ளோ போகலாம். 50 லட்சம் வரை இழப்பீடு தர அவருக்கு அதிகாரம் உண்டு. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நான் நிறுவனத்தின் பக்கம் உட்கார்ந்து அங்கே தோற்றுப்போயிருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். "மறுத்த கிளெய்மை வாங்கித் தருகிறோம், பதினைந்து சதவீதம் முன்பணம்" என்று வருகிறவர்கள் செய்வதும் இதே மனுவைத்தான். அதை நீங்களே எழுதலாம்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: அந்த போன் எண்ணோடு சைபர் குற்றத் தளத்தில் ஒரு புகார், பணம் போகாவிட்டாலும் சரி. அப்பாவைத் திட்டாதீர்கள்; திட்டினால் அடுத்த போனை உங்களிடம் சொல்ல மாட்டார். அப்புறம் பாலிசி ஃபைலை எடுத்து, ப்ரபோசல் படிவத்தில் சர்க்கரைக்கு நேராக என்ன குறித்திருக்கிறது என்று பாருங்கள். "ஆமாம்" என்று இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். "இல்லை" என்று இருந்தால் எனக்கு எழுதுங்கள், நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தைச் சேர்ந்து தயார் செய்வோம்.